பத்து முறை அடித்த பதினொன்றரை

அறுநூற்றுப் பதினாறு ரூபாய். கேன்டீன் அக்காவுக்கு நான் தர வேண்டியிருந்த கடன் அவ்வளவு. எண்பத்தெட்டு டீ, டீ ஒன்று ஏழு ரூபாய். அந்த எண்பத்தெட்டில் ஒன்றைக்கூட நான் குடிக்கவில்லை. வயிற்றுப் புண் வந்த நாளிலிருந்து எனக்கு வெந்நீர்தான்.

குடிக்காத டீக்குக் கடனாளி ஆனது எப்படி என்று கேட்டால், பேச்சு, அரசாங்கம் எங்கள் பகுதியின் மணியை மாற்றியதில் போய்த்தான் நிற்கும்.

எங்கள் பகுதி நாட்டின் மேற்கு ஓரத்தில் கிடக்கிறது. தலைநகரத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது எங்களுக்கு அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் கடிகாரம் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒன்று. பிள்ளைகள் இருட்டில் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று மனு மேல் மனு போட்டுப் பல வருஷம் கழித்து அரசாங்கம் இறங்கி வந்தது. இனி எங்கள் பகுதிக்குத் தனி நேரம். பழைய நேரத்தைவிட முக்கால் மணி பின்னால்.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கிடங்கில். இருபத்திரண்டு வருஷம் அங்கே மூட்டை தூக்கினேன். பிறகு இடுப்பு கையை விரித்துவிட்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அங்கே செய்யக்கூடிய ஒரே வேலை கேட் எழுத்து வேலை. வாசல் அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று நோட்டில் எழுத வேண்டும். அதற்குப் படிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்து, நாலு வருஷம் எழுத்துகளோடு மல்லுக்கட்டி, போன வருஷம்தான் அந்த நாற்காலியைப் பிடித்தேன்.

வாசல் அறையில்தான் கிடங்கின் தாய்க் கடிகாரம் இருக்கிறது. பழைய காலத்துச் சாமான். கீழே சின்னச் சாளரத்தில் தேதி தெரியும். கிடங்கின் மணியும் ஆட்கள் விரல் வைக்கும் வருகை இயந்திரமும் அதே கம்பியில் தொங்குகின்றன. கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் கிடங்கு முழுவதற்கும் நேரம். திருட்டுப் போகக் கூடாது என்று ஆட்களின் செல்போன்களை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ஜன்னல் கிடையாது. அதனால் என் கடிகாரத்தை விட்டால் அவர்களுக்கு வேறு கதி இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாசத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்தங்கியிருந்தது. பாவம் என்று நானே முள்ளைத் தள்ளிச் சரிசெய்தேன். ஷிப்ட் ஐந்து நிமிஷம் முன்னால் விட்டுவிட்டது. மேனேஜர் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, ஆட்கள் முன்னாலேயே சொன்னார்:

"உன் மூளைய வீட்டுலயே வெச்சிட்டு வா. காகிதத்துல என்ன இருக்கோ அத மட்டும் செய்."

சரி என்றேன். அன்றிலிருந்து மூளை வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

நேரம் மாறுவதற்கு ஒரு வாரம் முன்னால் குமாஸ்தா அறிவிப்புப் பலகையில் அரசாணையை ஒட்டினார். எனக்கும் ஒரு பிரதி தந்தார். அதை ஏழு நாளில் ஏழெட்டு முறை படித்தேன். இன்னும் மனப்பாடமாக இருக்கிறது:

"இருபத்தெட்டாம் தேதி இரவு, கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டும்போது, அதை முக்கால் மணி நேரம் பின்னுக்கு நகர்த்திப் பதினொன்றேகால் என வைக்க வேண்டும். கடிகாரப் பொறுப்பாளர்கள் தம் சொந்த யோசனைப்படி எதுவும் செய்யக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

இருபத்தெட்டாம் தேதி இரவு பதினோரு ஆட்கள் பத்து மணிக்கு விரல் வைத்து உள்ளே போனார்கள். பதினொன்றரைக்கு மணி அடித்தது. பதினொன்றரை என்றால் டீ. கிடங்கு கேன்டீனோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. அந்த மணி அடித்தால் ஆளுக்கு ஒரு டீ கொண்டுவர வேண்டும், காசு கம்பெனி கணக்கு. அக்கா தட்டில் பதினோரு டம்ளரோடு வந்தார். அவரை எல்லோரும் அக்கா என்போம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை அண்ணே என்பார், நானும் அவரை அக்கா என்பேன். பழகிவிட்டது.

பன்னிரண்டு ஆனது. எழுந்து நின்று முள்ளைப் பின்னுக்குத் திருப்பிப் பதினொன்றேகாலில் வைத்தேன். அரசாங்க வேலையை என் கையால் செய்ததில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கால் மணி கழித்துப் பதினொன்றரைக்கு மறுபடி மணி அடித்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, இப்பத்தான குடுத்தேன்?"

"அது பழைய பதினொன்றர. இது புது பதினொன்றர."

"டீயும் புதுசா?"

"மணி அடிச்சிருச்சே அக்கா."

அவர் தலையாட்டிக்கொண்டு போய்ப் பதினோரு டீ கொண்டுவந்தார். உள்ளே ஆட்கள் கைதட்டினார்கள்.

பிறகு மறுபடியும் பன்னிரண்டு ஆனது. ஆகாமல் எப்படி இருக்கும்? பதினொன்றேகாலில் விட்டால் முக்கால் மணியில் பன்னிரண்டு ஆகத்தானே வேண்டும். காகிதத்தை எடுத்து விளக்கடியில் பிடித்து, விரல் வைத்து மறுபடி படித்தேன். இருபத்தெட்டாம் தேதி இரவு. தேதிச் சாளரத்தைப் பார்த்தேன், இருபத்தெட்டு. கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டும்போது. காட்டுகிறது. பின்னுக்கு நகர்த்தி வைக்க வேண்டும். மேனேஜருக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். சொந்த யோசனைப்படி எதுவும் செய்யக் கூடாது. முள்ளைத் திருப்பினேன்.

மூன்றாவது பன்னிரண்டுக்கு மனசு லேசாக உறுத்தியது. ஆனால் உறுத்தல் என்பதும் சொந்த யோசனைதானே. திருப்பினேன்.

நாலாவது சுற்றில் ரேடியோ வந்தான். இரவுக் கூட்டத்தில் ஓயாமல் பேசுகிறவன் அவன்தான், அதனால் அந்தப் பெயர். கூடவே ஒட்டகம். ஆள் நெட்டை, வாசலில் குனிந்துதான் நுழைவான்.

"பெரியவரே, ஒரு சந்தேகம்," என்றான் ரேடியோ. "இது எத்தனாவது டீ?"

"ஏன், கசக்குதா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ரெண்டு தடவ பசி வந்து போயிருச்சு. மணி பதினொன்னு நாப்பதுங்குது. கடிகாரத்துக்கு ஏதாவது ஆயிருச்சா?"

காகிதத்தைக் காட்டினேன். அவன் வேகமாகப் படிக்கிறவன். ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்தான்.

"அரசாங்கம் சொல்லுதுன்னா நமக்கென்ன."

"எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க," என்றான் ஒட்டகம். "நாம வீட்டுக்குப் போவோமா?"

காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தேன். ஆணையில் அதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

வண்டிகள் வந்துகொண்டிருந்தன. பார்த்ததைப் பார்த்தபடி நோட்டில் எழுதினேன். ஒரு லாரி உள்ளே வந்தது பதினொன்று ஐம்பது. வெளியே போனது பதினொன்று இருபது. டிரைவர் கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஐயா, நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேனா?"

"காகிதப்படி ஆமா."

"அப்ப இப்ப இங்க நிக்கிறது யாரு?"

"கையெழுத்துப் போட்டுட்டு அவரையும் கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

பால் அடுப்பைவிட்டு இறங்கவில்லை. அக்கா ஆறாவது தட்டிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். கேன்டீன் கதவில் அவர் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார், டீக்கு ஒரு கோடு.

கிழக்கே வெளுத்தபோது கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து காட்டியது. காக்கைகள் கத்தின. அவற்றிடம் அரசாணை இல்லை.

பதினொன்றரை மணி அடித்தது. அந்த ராத்திரியில் பத்தாவது பதினொன்றரை. அக்கா தட்டோடு வரும் நேரத்தில் மேனேஜர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் தம் வீட்டுக் கடிகாரத்தைத் திருப்ப மறந்துவிட்டார். அதில் ஆறேகால். புது நேரப்படி ஐந்தரைதான். ஆறு மணிக்கு வர வேண்டியவர் கால் மணி தாமதம் என்று பதறி வந்திருந்தார். வந்த வேகத்தில் தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரை வைத்தார். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் கத்தினார்.

அன்று காலை முழுவதும் கம்பெனியில் ஒரே கூத்து. வருகை இயந்திரத்தின்படி பதினோரு ஆட்களும் பத்து மணிக்கு வந்து பதினொன்றரைக்குப் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேர வேலை. லாரிகளுக்குக் காத்திருப்புக் கட்டணம் போடும் கம்ப்யூட்டர், வருவதற்கு முன் போன வண்டிக்குக் கழித்தல் அரை மணி என்று போட்டு, லாரிக்காரர்தான் கம்பெனிக்குப் பணம் தர வேண்டும் என்று பில் அடித்தது. இருபத்தெட்டாம் தேதி எங்கள் கிடங்கில் முடியவே இல்லை என்பதால் இருபத்தொன்பதாம் தேதிக் கணக்கைத் திறக்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. தலைமை அலுவலகத்து வக்கீல் போனில் ஒரு மணி நேரம் பேசினார். இரண்டாவது டீ சட்டப்படி செல்லும், ஏனென்றால் அன்று இரவு பதினொன்றரை என்பது முறைப்படியே இரண்டு தடவை வரும் என்றார். மூன்றாவதிலிருந்து செல்லாது. எட்டுச் சுற்று, சுற்றுக்குப் பதினொன்று, ஆக எண்பத்தெட்டு டீ.

"ஒப்பந்தத்துல மணி அடிச்சா டீன்னுதான் இருக்கு," என்றார் அக்கா. "எத்தன தடவ அடிக்கும்னு நான் கடிகாரத்துக்கிட்டயா கேக்க முடியும்?"

"மணி அடிக்க வெச்சவர்கிட்ட வாங்கிக்குங்க," என்றார் மேனேஜர்.

அக்கா என்னைப் பார்த்தார். கதவில் முதல் இரண்டு தட்டின் கோடுகளை அழித்தார். மிச்சம் எண்பத்தெட்டுக்கு மேலே என் பெயர் ஏறியது.

மத்தியானம் குமாஸ்தா ஒரு காகிதம் கொண்டுவந்து நீட்டினார். டைப் அடித்து, கீழே எனக்காக ஒரு கோடு போட்டிருந்தது.

"'எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. அதனால் அரசாணையைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.' இதுல ஒரு கையெழுத்துப் போடு," என்றார். "எழுதப் படிக்கத் தெரியாதவர் செஞ்ச பிழைன்னு காட்டினா அந்த ராத்திரியையே கணக்குல திருத்திடலாம். ஆளுங்களுக்கு முழுக்கூலி வந்துரும். டீக்காசு மட்டும் உன்னோடது."

"அப்புறம் இந்த நாற்காலி?"

"படிக்கத் தெரியாதவர எப்படிப்பா கேட்டுல உக்கார வெக்கிறது? பழையபடி மூட்ட தூக்கு."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். மூன்று நாள் தந்தார்கள். அதுவரை பதினோரு பேர் கூலியும் நிறுத்தம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டீக்குக் கடன் வாங்கின ஆள ஊருல பார்த்திருக்கேன். டீயே குடிக்காம வாங்கினது நீங்க ஒருத்தர்தான்," என்றாள்.

"கையெழுத்துப் போட்டா ஆளுங்களுக்குக் கூலி வந்துரும்."

"கையெழுத்தா? அதப் போட எங்க கத்துக்கிட்டீங்க?"

"வகுப்புல."

"படிக்கத் தெரியாதுன்னு எழுதின காகிதத்துக்குக் கீழ, படிச்சுக் கத்துக்கிட்ட கையெழுத்து! நல்லா இருக்கே!" சட்டையை உதறி மடித்தாள். "நாலு வருஷம் வகுப்பு விட்டு நீங்க வர்ற வரைக்கும் சோத்த மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அந்தச் சோத்துக்கு என்ன கணக்கு? போடுங்க, போட்டுட்டு வந்து நாளைலேர்ந்து நீங்களே சமைங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை.

ஆட்கள் முறைத்தார்கள். ஒட்டகம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரேடியோ மட்டும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், எட்டே கால் மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணிக் கூலி தருகிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் ஒரு பெண் அதிகாரி விசாரணைக்கு வந்தார்.

என்னை வராந்தாவில் நிற்க வைத்திருந்தார்கள். அரை மணி நேரம். எதிரே அறிவிப்புப் பலகை. சும்மா நிற்பதற்குப் படிக்கலாமே என்று மேலிருந்து தொடங்கினேன். தீ அணைக்கும் பயிற்சி எப்போது. யாரோ கறுப்புக் குடையைத் தொலைத்திருக்கிறார்கள், பிடி உடைந்தது. கழிவறையில் எச்சில் துப்பக் கூடாது. அதன் கீழே பாதி மறைந்து ஒரு சின்னக் காகிதம், அரசாங்க முத்திரையோடு. மற்றவர்கள் ஒரு மூச்சில் படிப்பதை நான் நாலு மூச்சில் படிப்பேன். அதை எட்டு மூச்சில் படித்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேனேஜர் அறையில் அதிகாரி, மேனேஜர், குமாஸ்தா. ஓரத்தில் ரேடியோ, தன் கணக்கோடு அக்கா. அதிகாரி ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"'ஒரு தடவ'ன்னு இதுல எங்க இருக்கு?"

"அது எதுக்கு மேடம்?" என்றார் மேனேஜர். "சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"சின்னப் பிள்ளைக்கு ஆணை அனுப்பலயே சார்." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஒன்னும் தோணலயா? ஒன்பது தடவ திருப்பியிருக்கீங்க."

"தோணுச்சு மேடம். மூணாவது தடவையே தோணுச்சு. ஆனா தோணுறதச் செய்யக் கூடாதுன்னும் அதுலயே எழுதியிருக்கு. மேனேஜர் சாரும் மூளைய வீட்டுல வெச்சிட்டு வரச் சொல்லியிருக்கார்."

ரேடியோ இருமினான்.

"மேடம், இவருக்குப் படிக்கவே வராது," என்றார் குமாஸ்தா. "எழுத்துக் கூட்டித்தான் ஏதோ படிப்பார். பாதி புரியாது. அதான் விஷயம்."

முகம் சூடாகிவிட்டது. ஆனால் வாய் எப்படியோ திறந்தது.

"புரியுது மேடம். ஆணையில அந்த வார்த்த இல்லாததால அப்புறமா சேர்த்திருக்காங்க. பலகையில இருக்கு."

"எந்தப் பலகையில?"

"வெளில. எச்சில் துப்பக் கூடாதுங்கிறதுக்குக் கீழ."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "நீங்க ஒட்டினதுதான் சார்," என்றேன்.

அதிகாரியே போய்ப் பிய்த்துக்கொண்டு வந்தார். படிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிங்க."

காகிதத்தை வாங்கினேன். விரல் வைத்துத்தான் படித்தேன். வெட்கப்படவில்லை.

"திருத்தம். இருபத்தொன்பதாம் தேதி. நேர மாற்ற ஆணையில் 'வைக்க வேண்டும்' என்றிருப்பதை, 'ஒரே ஒரு முறை மட்டும் வைக்க வேண்டும்' என்று படித்துக்கொள்ளவும்."

அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை.

"அரசாங்கமே மறுநாள் உக்காந்து திருத்தியிருக்குன்னா முதல் காகிதத்துல தப்பு இருந்துச்சுன்னுதான அர்த்தம்? இவர் சரியாத்தான் படிச்சிருக்கார். இத ஒட்டினவங்க யாரும் படிக்கலயா?"

"வேல நெருக்கடி மேடம்," என்றார் குமாஸ்தா மெல்ல. "வர்றத ஒட்டிருவேன்."

அதிகாரி எழுதத் தொடங்கினார். ஆட்கள் உண்மையில் உழைத்தது எட்டே கால் மணி நேரம், அதற்கு முழுக்கூலி. லாரிக் கணக்கைக் கம்ப்யூட்டரிடமிருந்து பிடுங்கி, நோட்டின் வரிசைப்படி கையால் போட வேண்டும். வந்ததும் போனதும் நடந்த வரிசையிலேயே இருக்கிறது, மணி பின்னால் போகும் இடமெல்லாம் முள் திரும்பிய இடம், ஒரு வரிகூடத் தாண்டி எழுதவில்லை என்று என் நோட்டைத் தட்டிக் காட்டினார். வகுப்பில் வரி விடக் கூடாது என்பார்கள். காகிதம் வீணாகுமாம்.

"டீ?" என்றார் அக்கா.

"மணிய அடிக்க வெச்சது ஆணை. ஆணைய நிறைவேத்தச் சொன்னது கம்பெனி. கம்பெனிதான் தரணும். ஆளுங்க குடிச்ச டீக்கெல்லாம்."

"அப்ப ஒன்னக் கழிச்சுக்குங்க மேடம். எண்பத்தெட்டுல ஒன்னு ஆளுங்க குடிக்கல. கடைசித் தட்டுல ஒட்டகத்துக்கு இல்லாமப் போச்சு."

"யார் குடிச்சது?"

அக்கா அதிகாரியைப் பார்க்கவில்லை. மேனேஜரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாமதமாயிருச்சேன்னு பதட்டத்துல..." என்றார்.

"எழுதிக்கிறேன்," என்றார் அதிகாரி.

கம்பெனி அறுநூற்றொன்பது ரூபாய்க்குச் சீட்டுப் போட்டுத் தந்தது. அன்று மாலையே அக்கா ஈரத் துணியால் கதவில் எண்பத்தேழு கோடுகளை அழித்தார். ஒரு கோடும் மேலே என் பெயரும் மிச்சம்.

"இந்த ஏழு இன்னும் உங்க பேர்லதான் இருக்குண்ணே," என்றார். "அவர் குடுக்கிற வரைக்கும்."

"நானே குடுத்துர்றேன் அக்கா. ஏழு ரூபாதானே?"

"வெச்சுக்குங்க உங்க ஏழு ரூபாய. குடிச்சது யாரோ அவர் வரட்டும்."

மேனேஜர் இரண்டு நாள் கேன்டீன் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பத்து ரூபாய் நோட்டோடு வந்தார். சில்லறை இல்லை என்று அக்கா திருப்பி அனுப்பினார். கல்லாவில் சில்லறை கிடந்ததை நான் பார்த்தேன். நாலாம் நாள் அவர் வாசல் அறைக்கு வந்து, என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏழு ரூபா சில்லறை இருக்குமா?"

"இருக்கு சார். ஆனா எதுக்குன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு பத்து ஒற்றை ரூபாயாக எண்ணித் தந்தேன். அதில் ஏழு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தார். அக்கா ஒவ்வொன்றாக எண்ணிக் கல்லாவில் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு ஈரத் துணியைக் கையில் தந்தார்.

முதலில் கோட்டை அழித்தேன். பிறகு மேலே இருந்த என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துத் தப்பாக இருந்தது. அதையும் துடைத்தேன்.